பனோரமாவில் தூண் உடைந்து தெரிவது ஏன்?

வணக்கம். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையில் நின்று எட்டுப் படங்கள் எடுத்து ஒரே அகலப் படமாக, அதாவது பனோரமாவாக, ஒட்டியபோது, பக்கத்துத் தூண் இரண்டாக உடைந்தும் வானம் பட்டை பட்டையாகவும் வந்ததாக எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

தூண் விஷயம்தான் முக்கியம். கேமராவை நீட்டிப் பிடித்து உடம்போடு திரும்பினால் லென்ஸும் இடம் நகர்ந்துவிடுகிறது. விரலை முகத்துக்கு முன் வைத்து, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் தாவும், தூரத்துச் சுவர் அசையாது. உங்கள் தூணுக்கும் அதுதான் நடந்தது. எந்த மென்பொருளாலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. லென்ஸிலிருந்து தரைக்கு ஒரு தூக்குக்குண்டு தொங்குவதாக நினைத்துக்கொண்டு, அந்தப் புள்ளி நகராமல் கால்களை அதைச் சுற்றி வையுங்கள். இன்னும் எளிது, தூணை விட்டு விலகி முற்றத்துக்கு வந்துவிடுவது.

வானத்துப் பட்டைக்குக் காரணம் ஆட்டோ மோடு, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமராவே ஒளியளவை மாற்றிக்கொள்வது. எல்லாவற்றையும் நாமே அமைக்கும் எம் (மேனுவல்) மோடுக்கு மாற்றி, வெயில் படும் கோயில் விமானத்துக்கு (கருவறை மேல் உள்ள கோபுரம்) ஏற்ப ஒளியளவை வைத்துவிட்டுப் பிறகு தொடாதீர்கள். படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) வெயில் குறியில் நிறுத்துங்கள், ஃபோகஸையும் பூட்டுங்கள். லென்ஸ் முன் போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள், அதுவும் வானத்தைத் திட்டுத்திட்டாக்கும்.

அப்புறம், கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். விமானம் சுமார் 60 மீட்டர் உயரம். கிடைமட்டமாகப் பிடித்தால் ஒட்டி வெட்டிய பிறகு கலசம் மிஞ்சாது. ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கை மூடட்டும். ஒட்டுவதற்கு ஹியூஜின் (Hugin) என்ற இலவச மென்பொருள் போதும். அடுத்த முறை எடுத்ததையும் இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.