வாட்ஸ்அப்பில் வந்த 35(3) நோட்டீஸ்: தம்பி ஸ்டேஷனுக்குப் போகலாமா?

உங்கள் தம்பி மேல் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 318(4) மோசடிப் புகார், விசாரணைக்கு வரச் சொல்லும் போலீஸின் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. போனால் உள்ளே வைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். கைது இப்போதைக்குத் தேவையில்லை என்றால்தான் இந்த நோட்டீஸே தருவார்கள். சொன்ன தேதிகளில் ஆஜராகி வந்தால், காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்ய முடியாது.

வாட்ஸ்அப்பில் அனுப்புவது சட்டப்படி சார்பு செய்ததாகாது, அதாவது முறைப்படி நோட்டீஸைச் சேர்த்ததாகாது. உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். வராததையே காரணம் காட்டி 35(6)இல் கைது செய்யலாம், பலர் சிக்குவது இங்கேதான். வக்கீலோடு போய், நோட்டீஸைக் காகிதத்தில் கேட்டு வாங்குங்கள். தேதி ஒத்துவராவிட்டால் அதற்கு முன்பே ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்றோடு, அவகாசம் கேளுங்கள். போனில் சொன்னது பதிவில் நிற்காது. விசாரணை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுக்கலாம். பி.என்.எஸ்.எஸ். 181ஆவது பிரிவு அப்படிக் கையெழுத்து வாங்குவதைத் தடுக்கிறது. வெற்றுத் தாளிலும் போடவே கூடாது.