ரியூனியன் எரிமலைத் தீவில் ஒரு வாரம்: உங்கள் திட்டத்தில் எதை மாற்றுவது?

கேள்வி: எனக்கு வயது 54, மனைவிக்கு 50. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறோம். நான் வெள்ளியங்கிரி மூன்று முறை ஏறியவன். மனைவிக்கு மருதமலைப் படிகள்தான் பழக்கம். ஆகஸ்டில் ரியூனியன் தீவுக்கு ஏழு நாள் வழிகாட்டியுடன் நடைப்பயணம் போக நினைக்கிறோம். தினமும் நடந்துவிட்டு இரவு விடுதிக்குத் திரும்பிவிடுவோம். அவர்கள் அனுப்பிய திட்டத்தில் இரண்டாம் நாள் பித்தோன் தே நேஜ் சிகரம், ஐந்தாம் நாள் மஃபாத், கடைசி நாள் எரிமலை. எங்களால் முடியுமா? என்ன ஷூ வாங்குவது, என்ன பயிற்சி செய்வது?
— கோவை வாசகர்

பதில்: முடியும். ஆனால் இந்த வரிசையில் வேண்டாம். மாதம் சரியாகத்தான் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் உள்ள அந்தப் பிரெஞ்சுத் தீவில் மே முதல் நவம்பர் வரை குளிரும் வறட்சியும். ஜனவரி, பிப்ரவரியில் புயல் வரும். அந்தப் பருவத்து மழை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கணக்கு: 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. அது உலக சாதனை. சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வதே அதைவிடக் குறைவு.

முதல் திருத்தம், எரிமலையைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். பித்தோன் த லா ஃபூர்னேஸ் உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. நில அதிர்வு கூடினாலே உள்ளே போகும் வாசலை அரசு நிர்வாகம் பூட்டிவிடும். வெடிப்பு முடிந்த பிறகும் பாதையைச் சரிபார்த்துத்தான் திறப்பார்கள். எரிமலை அமைதியாக இருந்தாலும் மூடுபனி வந்து அந்த நாளைக் கெடுக்கலாம். கடைசி நாளில் வைத்தால் மறுவாய்ப்பே இல்லை. இரண்டாம் நாள் எரிமலை, மூன்றாம் நாள் கடலோரம் என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் நாள் வானம் சரியில்லை என்றால் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். முதல் இரண்டு இரவும் புர்-முரா ஊரில் தங்குங்கள். எரிமலையைக் கண்காணிக்கும் ஆய்வு நிலையமும் எரிமலை அருங்காட்சியகமும் அந்த ஊரில்தான் இருக்கின்றன. உயரம் 1,600 மீட்டர். ஊட்டிக் குளிர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது திருத்தம், பித்தோன் தே நேஜை விட்டுவிடுங்கள். உயரம் 3,070 மீட்டர். சிலாவோஸ் என்ற மலையூர்ப் பக்கம் பாதை ஏறக்குறைய 1,380 மீட்டரில் தொடங்குகிறது. ஒரே நாளில் 1,700 மீட்டர் ஏறி, அதே 1,700 மீட்டர் இறங்க வேண்டும். பெரும்பாலோர் நடுவழியில் உள்ள மலைக்குடிலில் இரவு தங்கிவிட்டு, விடியலுக்கு முன் உச்சிக்குப் போவார்கள். தினமும் விடுதிக்குத் திரும்பும் திட்டத்தில் இது இருக்கவே கூடாது. இதை இரண்டாம் நாளில் போட்டவர், வருபவர்களின் முழங்காலை யோசிக்கவில்லை.

எரிமலை நாள்

ஃபூர்னேஸின் உயரம் 2,632 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட ஐந்து மீட்டர்தான் குறைவு. மூச்சு கொஞ்சம் வாங்கும். அதற்கு மேல் உயரத்தால் தொல்லை இருக்காது. வாகனம் 2,311 மீட்டரில் உள்ள பெல்கோம்ப் கணவாய் வரை போகும். வழியில் செந்நிறமும் கருநிறமுமான சாம்பல்வெளி ஒன்றைக் கடக்க வேண்டும். அந்த மண்சாலையில் வண்டி நன்றாகக் குலுங்கும். காலை ஆறு மணிக்குள் கணவாயில் நிற்கும்படி கிளம்புங்கள். கடற்காற்று வெயிலில் சூடாகிச் சரிவில் ஏறி மேகமாக மாறும். பல நாட்களில் ஒன்பது, பத்து மணிக்கே எல்லாம் வெள்ளையாகிவிடும். எட்டு மணிக்குக் கிளம்பலாம் என்று சொல்லும் வழிகாட்டியிடம் காரணம் கேளுங்கள்.

கணவாயிலிருந்து செங்குத்தான சுவரில் 500க்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் பெரும்பள்ளத்தின் தரையை அடைவீர்கள். இதே படிகளைத்தான் நாள் முடிவில், கால் துவண்ட பிறகு, ஏற வேண்டும். அதற்கென்று கொஞ்சம் தெம்பையும் அரை லிட்டர் தண்ணீரையும் மிச்சம் வையுங்கள். இறங்கியதும் ஃபோர்மிக்கா லேயோ என்ற சின்னச் சிவப்புக் கூம்பு வரும், 1753இல் பிறந்தது. அதன்மேல் ஏறி இறங்க இருபது நிமிடம் போதும். அதைத் தாண்டி தொலோமியூ என்ற பெரிய எரிமலை வாயின் விளிம்பு வரை போய்த் திரும்ப ஐந்து முதல் ஆறு மணி நேரம். 2007 ஏப்ரலில் பெருவெடிப்பின்போது அந்த வாயின் தரை 300 மீட்டருக்கும் மேல் இடிந்து உள்ளே போனது. விளிம்பில் விரிசல்கள் உண்டு. பார்வை இடத்தைத் தாண்டிப் படமெடுக்கப் போகாதீர்கள்.

காலுக்குக் கீழே இருப்பதைக் கவனித்தால் நடை சுலபமாகும். மெதுவாக ஓடிக் குளிர்ந்த லாவா, சேலையை மடித்து விட்டதுபோலக் கயிறு கயிறாகச் சுருண்டு கிடக்கும். அதில் ஷூ நன்றாகப் பிடிக்கும். ஆனால் மேலோடு மெல்லியதாகவும் உள்ளே வெற்றாகவும் இருக்கலாம். பாதையைவிட்டு விலகிக் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கிவிடும். இன்னொரு வகை உடைந்து நொறுங்கிய கரடுமுரடான கட்டிகள். தீவுக்காரர்கள் கிராத்தோன் என்பார்கள். ஒவ்வொரு கல்லும் ஆடும், ஓரங்கள் கண்ணாடிச் சில்லு மாதிரி. இங்கே விழுந்தால் உள்ளங்கைதான் முதலில் கிழியும். எனவே மெல்லிய கையுறை ஒரு ஜோடி அவசியம். கல்லை உடைத்த இடத்தில் பச்சையாக மினுக்கும் மணிகள் தெரிந்தால் அது ஒலிவின். பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள், இது தேசியப் பூங்கா.

பாதை என்பது கல்லில் அடித்த வெள்ளைப் பூச்சுக் குறிகள்தான். மூடுபனி இறங்கினால் அடுத்த குறி தெரியாது. அப்போது தேடிக்கொண்டு முன்னே போகாதீர்கள். கடைசியாகப் பார்த்த குறியிலேயே நில்லுங்கள், திரை விலகியதும் நகருங்கள். அந்த எரிமலைப் பாறையில் காந்தத்தன்மை உண்டு என்பதால் திசைகாட்டியையும் முழுதாக நம்ப முடியாது.

மற்ற நாட்கள்

மூன்றாம் நாள் தென்கிழக்குக் கடலோரம். கடலில் கலந்து இறுகிய 2007 லாவாவின் மேல் சாலை போகிறது. 1977இல் லாவா ஒரு தேவாலயத்தின் வாசல் வரை வந்து இருபுறமும் பிரிந்து போனது. பித்தோன் சேந்த்-ரோஸ் ஊரில் அதை இப்போதும் பார்க்கலாம். லாவாக் குகைக்குள் போவதானால் தலைக்கவசம், தலைவிளக்கு, முழங்கால் உறை மூன்றையும் வழிகாட்டி தர வேண்டும். தராவிட்டால் உள்ளே போகாதீர்கள்.

நான்காம் நாள் சிலாவோஸுக்கு மாறுங்கள். 400க்கும் மேற்பட்ட வளைவுகள் கொண்ட சாலை; வாந்தி மாத்திரையை அரை மணி முன்பே போடுங்கள். அன்று சிறு நடை போதும். ஐந்தாம் நாள் தாயிபித் கணவாய் (2,081 மீட்டர்). ஏறக்குறைய 800 மீட்டர் ஏற்றம், இந்த வாரத்தின் கடினமான நாள் இதுதான். உங்கள் வெள்ளியங்கிரி அனுபவம் இங்கே கைகொடுக்கும். மனைவிக்கு முடியாவிட்டால் பாதியிலேயே திரும்பலாம், வந்த வழிதான்.

ஆறாம் நாள் சலாஸி பள்ளத்தாக்கு. வரைபடத்தில் சிலாவோஸுக்கு மிக அருகில் தெரியும், ஆனால் குறுக்கே சாலை இல்லை. கடற்கரைக்கு இறங்கித் தீவைச் சுற்றி மறுபடி ஏற வேண்டும், அரை நாள் போய்விடும். வழியில் சேந்த்-ஆந்த்ரே ஊரில் தமிழ்க் கோயில் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம்மவர்களின் வழிவந்தவர்கள் வழிபடுவது. இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம்.

ஏழாம் நாள் மஃபாத். சாலையே இல்லாத பள்ளத்தாக்கு, அரிசி மூட்டைகூட ஹெலிகாப்டரில்தான் இறங்கும். சலாஸி பக்கத்துக் கணவாயிலிருந்து லா நூவெல் ஊருக்குச் சுமார் இரண்டு மணி நேர இறக்கம். இங்கே கணக்கு தலைகீழ்: சாப்பிட்டுவிட்டு 500 மீட்டர் ஏற வேண்டும். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். சோறு, பீன்ஸ், கறி, காரமான தக்காளித் துவையல் கிடைக்கும். சைவம் என்றால் வழிகாட்டி முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

பயிற்சியும் பொருட்களும்

சமதளத்தில் ஐந்து கிலோமீட்டர் நடப்பது இதயத்துக்கு நல்லது, இறக்கத்துக்கு உதவாது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. பழகாத தசை மறுநாள் கல்லாகிவிடும். எட்டு வாரம், வாரம் மூன்று நாள் மாடிப்படி. முதல் வாரம் பத்து மாடி ஏறி இறங்குங்கள், கடைசி வாரம் ஐம்பது. லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினாலும் பலன் உண்டு. நான்காம் வாரத்திலிருந்து முதுகில் ஐந்து கிலோ. வாரக் கடைசியில் மருதமலைப் படிகளை நிற்காமல் மூன்று முறை ஏறி இறங்குங்கள். முழங்காலில் வலி இரண்டு நாளுக்கு மேல் நின்றால் மருத்துவரைப் பாருங்கள்.

ஷூ கணுக்கால் வரை, அடியில் ஆழமான பள்ளங்களோடு, தடித்த ரப்பரில். வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் விரல் முன்னே இடித்து நகம் கறுத்துப்போகும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். ஆறு வாரமாவது போட்டு நடந்து பழக்குங்கள். அலமாரியில் பல வருடம் கிடந்த பழைய ஷூ வேண்டவே வேண்டாம். அடிப்பாகத்து நுரை ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே மக்கி, பார்க்க நன்றாக இருந்தாலும் நடுவழியில் வாயைப் பிளக்கும்.

எரிமலைக்குள் ஒரு குழாயும் இல்லை, ஒரு மர நிழலும் இல்லை. ஆளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், உப்புக்கடலை. காலையில் பூஜ்யத்தை ஒட்டிய குளிர், பதினோரு மணிக்குச் சுட்டெரிக்கும் வெயில். ஆகையால் ஒரே தடித்த ஜாக்கெட்டைவிட மெல்லிய மூன்று அடுக்குகள் நல்லது; பருத்தி பனியன் வேர்வையில் நனைந்து குளிரும், தவிருங்கள். மழை ஜாக்கெட், தொப்பி, சன்ஸ்கிரீன், தலைவிளக்கு. ஊன்றுகோல் இரண்டு, அவற்றை விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் போடுங்கள்.

பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் நான்கு கேள்வி எழுத்தில் கேளுங்கள். வழிகாட்டிக்கு மலைநடை வழிகாட்டுவதற்கான பிரெஞ்சு அரசுப் பட்டயம் உண்டா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? எரிமலை வாசல் மூடினால் மாற்று நாள் எது? ஒருவர் பாதியில் திரும்பினால் அவரோடு யார் வருவார்? காப்பீட்டில் மலைமீட்பும் ஹெலிகாப்டரும் அடங்குகின்றனவா என்று தனியாகப் பாருங்கள். ரியூனியன் பிரான்சின் பகுதிதான் என்றாலும், பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா போதும் என்கிற ஷெங்கன் வட்டத்துக்குள் வராது. கையில் ஷெங்கன் விசா இருக்கிறது என்று நம்பி டிக்கெட் போடாமல், இந்தத் தீவுக்கான விதியைத் தூதரக விசா தளத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.