‘ஆறு’ என்று விளம்பரம் சொல்கிறது, இறங்கப்போவது கடல்நீரேரியில்

கேள்வி: நாங்கள் பதினொரு பேர், ஆசிரியர்களும் வீட்டாரும். தை மாதக் கடைசியில் ‘ஆற்றில் இரண்டு நாள் கனோப் பயணம், கரையில் கூடாரம், பூநாரைக் கூட்டம் நிச்சயம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஏற்பாட்டாளரோடு கதைத்தோம். இடம் தொண்டைமானாறு என்கிறார். அரைவாசிப் பணம் முற்பணமாக வேண்டுமாம். எங்களில் நாலு பேருக்கு நீச்சல் தெரியாது. காசைக் கட்டலாமா?
- ஆசிரியை, கொக்குவில்

பதில்: இப்போதைக்குக் கட்டவேண்டாம். பயணம் நல்ல பயணம்தான். ஆனால் நீங்கள் வாங்கப்போவது என்னவென்று அந்த விளம்பரத்தில் சரியாகச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாற்றில் மாரியில் மட்டும்தான் வெள்ளம் ஓடும். தொண்டைமானாறும் உப்பாறும் பெயரில் மட்டும் ஆறு; இரண்டும் கடல்நீரேரிகள், அதாவது கடலோடு சேர்ந்த ஆழங்குறைந்த உவர்நீர்ப் பரப்புகள். இது வெறும் சொல் பற்றிய வழக்கில்லை. ஆற்றில் நீரோட்டம் வள்ளத்தைக் கொண்டுபோகும். கடல்நீரேரியில் உங்களைக் கொண்டுபோவது காற்று. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டங்களைத் தூக்கி நிறுத்துகிற அதே வாடைக்காற்றுத்தான் பக்கத்தில் தொண்டைமானாற்றிலும் வீசுகிறது. கனோவின் முன்பக்கம் உயர்ந்தது, பாரமும் குறைவு. காற்று பிடித்தால் பழகாத கை திருப்பவே மாட்டாது. போகும்போது முதுகில் இருந்த காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும். ஆகவே முதலில் கேளுங்கள்: எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணிக்குப் புறப்படுவது, காற்று எழும்பினால் எங்களை இழுத்துவர இயந்திர வள்ளம் நிற்குமா? விடியற்காலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். பறவைகளும் அந்த நேரத்தில்தான் மும்முரமாக மேயும். காலை பத்து மணிக்குப் புறப்படுவோம் என்கிறவருக்குக் காற்றும் தெரியாது, பறவையும் தெரியாது.

அடுத்தது உயிர்காப்பு அங்கி. நான் இதில் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவோடு நானும் இப்படி வள்ளம் ஏறப்போனேன். பதினாலு பேருக்கு ஒன்பது அங்கி வைத்திருந்தார்கள். ‘இடுப்பளவு தண்ணிதானே’ என்றார்கள். இடுப்பளவுத் தண்ணீருக்குக் கீழே முழங்கால் புதையும் சேறு இருந்தது. நாங்கள் ஏறவில்லை. அன்று கட்டிய காசும் திரும்பவில்லை. அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

அங்கியின் உள்பக்கத்தில் ஒரு சீட்டுத் தைத்திருக்கும். அதில் 50, 100, 150 என்று நியூட்டன் கணக்கும் (ஆளை மிதக்கவைக்கும் விசையின் அளவு), எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு உரியது என்பதும் இருக்கும். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரைக்குக் கிட்ட, கைகொடுக்க ஆள் இருக்கும் இடத்தில் உதவுவது. உங்கள் நாலு பேருக்கும் 100க்குக் குறையாமல் வேண்டும். அமைதியான நீரில் ஆளை முகம் மேலே வரும்படி திருப்புவதற்காகச் செய்யப்பட்டது அது. சீட்டே இல்லாத அங்கியை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். போட்டு வாரை இறுக்கியபின் இன்னொருவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. பிள்ளைகளுக்குப் பெரியவரின் அங்கியைப் போட்டு இறுக்கிக் கட்டிச் சமாளிக்க விடவே கூடாது.

‘பூநாரை நிச்சயம்’ என்பதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். பூநாரை ஆழங்குறைந்த உவர்நீரில் மேய்வது. மழை கூடி நீர் உயர்ந்தால் வேறு இடத்துக்குப் போய்விடும். மண்டைதீவுப் பக்கம் நிற்கும், சுண்டிக்குளத்தில் நிற்கும், ஒரு கிழமையில் இடம் மாறும். அதை யாரும் நிச்சயமாக்க முடியாது. ஆனால் ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை வலசை வரும் ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் கருவால் மூக்கானும் இருக்கின்றன. இங்கேயே காணக்கூடிய கூழைக்கடாவும் கரண்டிவாயனும் மஞ்சள்மூக்கு நாரையும் இருக்கின்றன. காசு கட்டமுன் ஒரு சனிக்கிழமை விடிய பருத்தித்துறை வீதியில் வல்லைப் பாலத்தடியில் அரைமணித்தியாலம் நின்று பாருங்கள். அதே கடல்நீரேரிதான். இந்த வருடம் பறவை எப்படி என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். ‘கிட்டப்போய்க் கலைத்துப் பறக்கவைத்துக் காட்டுவோம்’ என்று ஏற்பாட்டாளர் சொன்னால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்துவந்து தின்று உடம்பு தேற்றுகிற உயிர்கள் அவை.

இடத்தைச் சுண்டிக்குளத்துக்கு மாற்றினால் வேறு சட்டம். 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவான இடம் அது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே கூடாரம் அடிக்க முடியாது. அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். தொண்டைமானாற்றிலும் இறங்குகிற இடத்துக் கடற்றொழிலாளர் சங்கத்தோடு கதைத்தாரா என்று கேளுங்கள். இரவில் இறால் பிடிக்கச் சிறகுவலை கட்டியிருப்பார்கள். உங்கள் துடுப்பு அதைக் கிழித்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்புப் போய்விடும். குடிநீரை ஆளுக்கு நாலு லீற்றராவது கொண்டுபோக வேண்டும், சுற்றிவரத் தண்ணீர் இருந்தாலும் எல்லாம் உவர். கூடாரம் அடித்தளம் சேர்த்துத் தைத்து, சிப் முழுதாகப் பூட்டக்கூடியதாக இருக்கட்டும். வெறும் நிலத்தில் படுப்பவரைத்தான் இரவில் பாம்பு தேடிவருவதுபோல் கடிக்கிறது.

இவ்வளவுக்கும் பதில் எழுத்தில் வந்தபின் முற்பணம் கொடுங்கள். அரைவாசி அதிகம், கால்வாசிக்குப் பேசிப்பாருங்கள்.

கேள்வி: பறவை பார்க்க பைனாகுலர் வாங்கப்போனேன். ஒரே விலையில் 8x42, 20x50 இரண்டும் இருக்கின்றன. கடைக்காரர் இருபது மடங்குதான் திறம் என்கிறார்.
- மாணவன், சாவகச்சேரி

பதில்: தம்பி, 8x42ஐ எடுங்கோ. முதல் எண் எத்தனை மடங்கு கிட்டக் காட்டும் என்பது. இரண்டாவது, முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: ஒன்றில் 5.25, மற்றதில் 2.5. விடியலிலும் மைம்மலிலும் இரண்டரை மில்லிமீற்றர் வட்டத்தில் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். கை நடுக்கத்தையும் அது இருபது மடங்காக்கும். ஆடுகிற வள்ளத்தில் பறவை கண்ணாடிக்குள் நிற்கவே நிற்காது. கடைக்கு வெளியே வந்து தூரத்து மதில் விளிம்பையோ தந்திக்கம்பத்தையோ பாருங்கோ. விளிம்பில் ஊதா நிறம் ஓடினாலும், இரண்டு கண்ணுக்கும் இரண்டு படமாகத் தெரிந்தாலும் திருப்பிக் கொடுங்கோ. பற்றுச்சீட்டில் மாதிரியின் பெயர், திகதி, உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதி வாங்குங்கோ.

கேள்வி: புயல் எச்சரிக்கை வந்ததால் ஏற்பாட்டாளரே பயணத்தை நிறுத்தினார். முற்பணத்தைத் தரமாட்டேன் என்கிறார்.
- வாசகர், நெல்லியடி

பதில்: நிறுத்தியது அவர், சேவை கிடைக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தருவதா, வேறு திகதி தருவதா என்று பதில் கேட்டு முதலில் அவருக்கே கடிதம் எழுதுங்கள். மறுத்தால் விளம்பரம், வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இணைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டுக்கு மூன்று மாதக் கெடு இருக்கிறது. தொலைபேசி 1977. ‘அடுத்த மாதம் தாறன்’ என்ற வார்த்தையில் அந்த மூன்று மாதத்தைப் போகவிடாதீர்கள்.