பிழைத்துவிட்டான், சரி... நம்புவார்களா?

கதை எழுதும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: சாக வேண்டிய ஆளைக் காப்பாற்றி 'சுபம்' போடலாமா?

கேள்வி: என் நாவலின் கடைசி அத்தியாயத்தில் விமானம் விழுகிறது. நாயகி மட்டும் பிழைக்கிறாள். 'காதில் பூ சுற்றாதீர்கள்' என்று ஒரு பத்திரிகையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிஜத்திலேயே இப்படி நடந்திருக்கிறதே? (வாசகி, தேனி)

பதில்: நடந்திருக்கிறது. 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டின் லிமாவிலிருந்து கிளம்பிய விமானம், மின்னல் தாக்கி நடுவானில் சிதறியது. விமானத்தில் 92 பேர். 17 வயது ஜூலியானே கோப்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இருக்கையோடு சேர்ந்து அமேசான் காட்டுக்குள் விழுந்தார். உயிரோடு திரும்பியவர் அவர் ஒருவர்தான்.

இதில் வாசகர் எதை நம்புவார் என்று பாருங்கள். விழுந்தும் சாகாதது ஆயுசு கெட்டி என்பதால். அடுத்த 11 நாள் அப்படியல்ல. அவருடைய அம்மா, அப்பா இருவரும் உயிரியலாளர்கள். காட்டுக்குள் அவர்கள் அமைத்த ஆய்வு நிலையத்தில் அவரும் வாழ்ந்தவர். ஓடையைப் பிடித்துக்கொண்டு நீர் போகும் திசையில் போனால் ஆறு வரும், ஆற்றங்கரையில் ஆள் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடி தொலைந்துவிட்டது. காலில் ஒற்றைச் செருப்பு. செருப்புப் போட்ட காலை முன்னால் வைத்து, பாம்பு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நடந்தார். சாப்பிடக் கிடைத்தது ஒரு பொட்டலம் மிட்டாய். காறை எலும்பு முறிந்திருந்தது. கைக் காயத்தில் புழு வைத்துவிட்டது. கரையில் கண்ட படகின் எரிபொருளை அதில் ஊற்றிப் புழுக்களை எடுத்தார். கூட வந்த அம்மா பிழைக்கவில்லை.

நீங்கள் விழுவதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள், நடப்பதை எழுதவே இல்லை. விபத்தை முதல் 10 பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். அங்கே எவ்வளவு பெரிய அதிர்ஷ்டத்தையும் வாசகர் 'சரி, அப்புறம்?' என்று ஏற்றுக்கொள்வார். அதே அதிர்ஷ்டம் கடைசிப் பக்கத்தில் வந்தால், முடிக்கத் தெரியாமல் ஆசிரியர் கைகொடுத்தார் என்றுதான் தோன்றும். 'நிஜத்தில் நடந்தது' என்பது செய்தித்தாளுக்குப் போதும், கதைக்குப் போதாது. நடக்கக்கூடியதாக இருந்தும் நம்ப முடியாததைவிட, நடக்கவே முடியாததானாலும் நம்பும்படி இருப்பது மேல் என்று அரிஸ்டாட்டில் எப்போதோ சொல்லிவிட்டார்.

கேள்வி: இடிந்த கட்டடத்தில் தொடைமேல் தூண் விழுந்து 2 நாள் கிடக்கும் நாயகன், தூணைத் தூக்கியதும் எழுந்து ஓடி மனைவியை அணைத்துக்கொள்கிறான். சரிதானே? (வாசகர், ஓசூர்)

பதில்: தூணைத் தூக்கிய நிமிடத்தில்தான் அவன் சாக வாய்ப்பு அதிகம். மணிக்கணக்கில் நசுங்கிய தசை செத்துப்போகும். பாரம் விலகி ரத்தம் மறுபடி ஓடியதும், செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் உடம்பெங்கும் பரவும். முதலாவது இதயத்தை நிறுத்தும், இரண்டாவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால்தான் பயிற்சி பெற்ற மீட்புக் குழுவினர் முடிந்தவரை பாரத்தைத் தூக்குவதற்கு முன்பே நரம்பில் சலைன் ஏற்றத் தொடங்குகிறார்கள். இதை விட்டுவிட்டு அணைப்புக்குத் தாவினால் நல்ல காட்சி ஒன்று வீணாகிறது. கைவிரல் மட்டும் தெரியும் இடுக்கில் படுத்து ஊசி குத்தும் மருத்துவரும், 'சீக்கிரம் தூக்குங்க சார்!' என்று வெளியே கத்தும் உறவினர்களும் போதும், சஸ்பென்ஸ் தானாக வரும்.

இன்னும் இரண்டு: 2 நாள் அவன் எதைக் குடித்தான்? கசியும் குழாய் என்றால் அந்தக் குழாயை முன் அத்தியாயத்திலேயே யாராவது திட்டிக்கொண்டே கடந்து போகட்டும். தொடை எலும்பு முறிந்திருந்தால் சேர 3 முதல் 6 மாதம் ஆகும். அணைப்பு கட்டிலிலேயே நடக்கட்டும்.

கேள்வி: யாராவது ஒருவர் செத்தால்தான் முடிவு நம்பும்படி இருக்குமா? (வாசகர், மதுரை)

பதில்: கட்டாயமில்லை. 2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். 17-ஆம் நாள் 41 பேரும் வெளியே வந்தார்கள். அதை நம்ப வைப்பது மூன்று விவரங்கள்தான். அவர்கள் சிக்கிய இடம் பொந்து அல்ல, சுமார் 2 கிலோமீட்டர் நீளமான பாதை. அங்கே மின்சாரம் இருந்தது. காற்றும் பொரி போன்ற உணவும் போக 4 அங்குலக் குழாய் இருந்தது. பிறகு 6 அங்குலக் குழாய் போட்டதும் கிச்சடியே போனது. துளைபோடும் ஆகர் இயந்திரம் உடைந்து, கடைசிச் சில மீட்டரை எலிவளை போன்ற குறுகிய சுரங்கம் தோண்டிப் பழகிய தொழிலாளர்கள் கையால் தோண்டியது நாமாகக் கற்பனை செய்தால்கூட வராத திருப்பம்.

ஆள் சாகாவிட்டாலும் எதையாவது இழக்கட்டும்: ஒரு விரல், வேலை, தூக்கம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றால், அந்தத் தலைப்பாகையாவது போனதைக் காட்டுங்கள்.

கேள்வி: தொடர்கதையில் கொன்ற நாயகனை வாசகர் வற்புறுத்தலால் மீட்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: கானன் டாயில் 1893-இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவிக்குள் தள்ளினார், 1903-இல் திரும்ப அழைத்துவந்தார். அது முடிந்ததற்குக் காரணம், விழுந்ததை வாட்சன் பார்க்கவே இல்லை. விளிம்பு வரை போன காலடித் தடங்களையும் ஒரு கடிதத்தையும்தான் பார்த்தார். உடலும் கிடைக்கவில்லை. 'ஹோம்ஸ் விழவே இல்லை' என்று பிற்பாடு சொல்ல இடம் இருந்தது. உங்கள் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். உடலை யாராவது பார்த்திருந்தால், அடக்கம் செய்திருந்தால், விட்டுவிடுங்கள். யாரும் பார்க்கவில்லையென்றால் மீட்கலாம், ஒரே ஒரு முறை.

கேள்வி: 6 மாதக் கோமாவிலிருந்து கண் விழித்தவன் முதலில் என்ன பேச வேண்டும்? (வாசகர், சேலம்)

பதில்: தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தால் பேச்சே வராது. கண் திறப்பதும் ஒரே நொடியில் நடக்காது. நாள்கணக்கில் அரைகுறையாக விழிப்பான். பேச்சை நர்ஸிடம் கொடுங்கள்.