கொங்கோ: 1885ஆ, 1908ஆ?

வணக்கம். கொங்கோ பெல்ஜியத்தின் காலனியானது 1885 என்று ஒரு நூலும் 1908 என்று மற்றொரு நூலும் சொல்வதால், கட்டுரையில் எதை எழுதுவது எனக் கேட்டிருந்தீர்கள். 1908 என்று எழுதுங்கள். ஆனால் 1885ஐ விட்டுவிடாதீர்கள்.

ஆப்பிரிக்காவைப் பங்கிடுவது குறித்து ஐரோப்பிய நாடுகள் கூடிப் பேசிய, ஆனால் ஆப்பிரிக்கப் பிரதிநிதி ஒருவர்கூட இடம்பெறாத பெர்லின் மாநாடு 1885 பிப்ரவரியில் முடிந்தது. அதே ஆண்டில், தாம் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கால்வைக்காத அந்தப் பெருநிலத்துக்கு, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு 'கொங்கோ சுதந்திர அரசு' என்று பெயரிட்டுத் தாமே தனிப்பட்ட முறையில் அதிபதியானார். அங்கே நடந்ததைத் தட்டிக்கேட்கும் அதிகாரம் பெல்ஜிய நாடாளுமன்றத்துக்கு இருக்கவில்லை. விதித்த அளவு காட்டு ரப்பரைச் சேகரித்துத் தராத ஊர்களின் பெண்களைப் பிணையாகச் சிறைவைத்ததும், செலவழித்த தோட்டாக்களுக்குக் கணக்காக வெட்டிய கைகளைப் படையினர் கொண்டுவந்து காட்டியதும் இந்த ஆட்சியில்தான் நடந்தன. இதை எழுதாமல் கொங்கோவைப் பற்றி எழுத முடியாது என்பது என் உறுதியான கருத்து.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குக் கொங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் வந்திறங்க, திரும்பிச் செல்லும் கப்பல்களில் பெரும்பாலும் துப்பாக்கிகளும் தோட்டாக்களுமே ஏறுவதைக் கண்ட கப்பல் நிறுவன எழுத்தர் எட்மண்ட் மோரெல், இது வணிகமன்று, கட்டாய உழைப்பு என்று உணர்ந்து போராடத் தொடங்கினார். இந்தக் கொடுமைகளைப் பற்றிய பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கை 1904இல் வெளிவந்தது. எதிர்ப்பு வலுத்ததால், 1908 நவம்பரில் பெல்ஜிய அரசு கொங்கோவைத் தன் காலனியாக ஏற்றது; 1960 ஜூன் 30 வரை ஆண்டது.

லியோபோல்டின் ஆட்சியில் இறந்தோர் தொகையை மட்டும் மதிப்பீடு என்றே குறிப்பிடுங்கள். அக்காலத்தில் அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை.