கன்று நடுவதைப் புரட்டாசிக்குத் தள்ளுங்கள், இப்போது கண்மாய்க்குப் போங்கள்

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பசுமைப் படை என் பொறுப்பு. ஒவ்வொரு ஜூன் 5, சுற்றுச்சூழல் நாளன்றும் கன்று நடுகிறோம். அடுத்த கோடைக்குள் பாதிக்கு மேல் கருகிவிடுகிறது. பிள்ளைகளுக்கும் ஆர்வம் விட்டுப்போகிறது. பள்ளிக்குப் பின்னால் ஒரு கண்மாய் இருக்கிறது. வேறு என்ன செய்யலாம்?

பதில்: கன்று கருகியதற்குப் பிள்ளைகள்மேல் குறை சொல்ல வேண்டாம். நம் பக்கம் நின்று பெய்யும் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூனில் நட்டது, வேர் பிடிப்பதற்குள் ஆனி வெயிலிலும் ஆடிக் காற்றிலும் மாட்டிக்கொள்கிறது. நடுவதைப் புரட்டாசிக் கடைசிக்குத் தள்ளுங்கள். வேம்பு, புங்கு, புளி போதும். பத்துக் கன்று நட்டாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பாக்குங்கள்.

சரி, கண்மாய்க்கு வருவோம். வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே இடம், அரை மணி நேரம். கையில் ஒரு நோட்டு. தேதி, நேரம், மடையில் எந்தப் படி வரை தண்ணீர், கண்ணில் பட்ட பறவைகள், எத்தனை. அவ்வளவுதான் எழுத வேண்டும். முதல் மாதம் ஐந்தே பறவைகள் போதும்: மடையான், உண்ணிக்கொக்கு, முக்குளிப்பான், நீர்க்காகம், மீன்கொத்தி. புத்தகப் பெயரைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன், வீட்டில் தாத்தாவும் அப்பத்தாவும் அதை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். ஆடு மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு உங்களைவிட, என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும். வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் அந்தப் பிள்ளை கண்மாய்க் கரையில் முன்னால் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது அதுதான்.

பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுத விடாதீர்கள். ‘தெரியவில்லை, நீண்ட வளைந்த அலகு, கறுப்புக் கழுத்து’ என்று எழுதினால் போதும். அது அரிவாள் மூக்கன் என்று பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

பைனாகுலர் ஒன்றிருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று எண்ணி, உங்கள் கைபேசி வழியாக இ-பேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால், பிள்ளைகள் எண்ணியது ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் தரவாகிவிடும்.

உங்கள் மாவட்டத்திலேயே, திருப்பத்தூர் பக்கம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கூட்டில் இருக்கும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. மழைக்குப் பிறகு ஒரு முறை கூட்டிப்போய், அந்த ஊர்ப் பிள்ளைகளோடு பேச விடுங்கள். நாம் பேசுவதைவிட, வெடியில்லாத தீபாவளியிலேயே வளர்ந்த தன் வயதுப் பிள்ளை பேசுவது ஆழமாக இறங்கும்.

செய்யக் கூடாதவை சில உண்டு. கூட்டருகே போய்ப் படம் எடுக்க வேண்டாம். விழுந்த குஞ்சைப் பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கிப் போகவும் வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். சீமைக் கருவேலம் வெட்டும் வேலையில் பிள்ளைகளை இறக்காதீர்கள். முள் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மரத்திலேயே கொக்கு கூடு கட்டியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், கண்மாயில் மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீர் நிறைந்த பின் கண்ணுக்குத் தெரியாது. கரையை விட்டு ஒரு பிள்ளையும் இறங்கக் கூடாது. பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும், கூட இரண்டு பெரியவர்கள் வேண்டும். அதில் ஒருவர் அந்தக் கண்மாயை நன்றாக அறிந்த ஊர்க்காரராக இருக்கட்டும்.

நோட்டைப் பள்ளியிலேயே வையுங்கள். பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள், அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வருகிறவர்களைக் கண்மாய்க் கரைக்கு ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, அங்கேயே அதைக் கையில் கொடுக்கட்டும்.