டெக்சாஸ் கிராமப்புறத்தில் கூட்டுறவு மின்சங்க இணைப்பு உள்ள வீட்டில் 10 கிலோவாட் சோலார் வைத்தால் பில் பூஜ்ஜியம் ஆகுமா?

ஆகாது. ஆகும் என்று சோலார் விற்க வந்தவர் சொன்னால், உங்கள் சங்கத்தின் கட்டண அட்டவணையைப் படிக்காமல் சொல்கிறார். அல்லது நன்றாகப் படித்துவிட்டே சொல்கிறார்.

டெக்சாஸில் நெட் மீட்டரிங் (லைனுக்கு அனுப்பும் யூனிட்டை வாங்கும் யூனிட்டின் அதே விலையில் கழிப்பது) தந்தே தீர வேண்டும் என்று மாநிலச் சட்டம் எதுவும் இல்லை. 1978-இன் பர்ப்பா என்ற கூட்டரசுச் சட்டப்படி, நீங்கள் அனுப்பும் மின்சாரத்துக்குச் சங்கம் 'தவிர்த்த செலவு' கொடுத்தால் போதும். அதாவது அதே யூனிட்டை மொத்த விலைக்கு வேறிடத்தில் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அவ்வளவுதான். அது சில்லறை விலையில் பாதியைக்கூட எட்டாமல் இருப்பது சாதாரணம்.

கணக்கைப் பாருங்கள். விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் சங்கத்தின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கும் யூனிட் 12 சென்ட், அனுப்பும் யூனிட் 5 சென்ட், மாத நிலைக்கட்டணம் 30 டாலர். வீட்டுச் செலவு 1,300 யூனிட் என்றால் சோலார் இல்லாத பில் 186 டாலர். 10 கிலோவாட் மாதம் 1,200 யூனிட் தருகிறது. வெயில் நேரத்தில் வீடு நேரடியாக 450 எடுத்துக்கொள்கிறது, 750 வெளியே போகிறது, இரவுக்கு 850 வாங்குகிறீர்கள். பில் 94.50. இதையே 5 கிலோவாட் என்று வைத்தால், வரும் 600-இல் 350 வீட்டிலேயே செலவாகும், பில் 131.50. முதல் 5 கிலோவாட் 54.50 டாலர் மிச்சம் செய்கிறது, அடுத்த 5 கிலோவாட் 37 மட்டும். ஆகவே கூரையில் எவ்வளவு இடம் என்பது கேள்வியே இல்லை, பகலில் வீடு எவ்வளவு இழுக்கும் என்பதே கேள்வி. ஏசி, கிணற்று மோட்டார், வாட்டர் ஹீட்டர், கார் சார்ஜிங் ஆகியவற்றைப் பகல் 11 முதல் 4 வரை நகர்த்த முடிந்தால், செலவே இல்லாமல் கணக்கு மாறும். சொந்தமாக வாங்கிப் போடுபவருக்கான 30 விழுக்காடு கூட்டரசு வரிச்சலுகையும் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அதைக் கழித்துக் காட்டும் விலைப்பட்டியல் பழையது.

கையெழுத்துக்கு முன் சங்க அலுவலகத்தில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: இணைப்பு விண்ணப்பம், சோலார் வீடுகளுக்கான கட்டண அட்டவணை, உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவு. அட்டவணையில் 'டிமாண்ட் கட்டணம்', அதாவது மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த உச்ச அளவுக்கான கட்டணம், இருக்கிறதா என்று பார்க்கவும். மாதத்தில் ஒரே ஒரு மாலை ஏசியும் அடுப்பும் சேர்ந்து ஓடிய நேரத்துக்கு அது விழும். சோலார் அதைக் குறைக்காது, பேட்டரி குறைக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தை நகரத்து நிறுவுநர்கள் பலர் யோசிப்பதே இல்லை. நகரில் ஒன்றைப் பல வீடுகள் பகிரும். ஊர்ப்புறத்தில் உங்கள் வீட்டுக்கென்றே 10 அல்லது 15 கே.வி.ஏ. (கொள்ளளவின் அலகு, ஏறக்குறைய கிலோவாட் மாதிரி) டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் தொங்கும், பெரும்பாலும் தொட்டியிலேயே எண் எழுதியிருக்கும். அங்கிருந்து மீட்டர் வரை 300 அடிக்கு 2/0 அளவு அலுமினியக் கம்பி என்றால், 10 கிலோவாட் வெளியே போகும்போது அந்தக் கம்பியில் மட்டும் 4 வோல்ட் ஏறும். சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் 3 வோல்ட் சேர்க்கும். லைன் ஏற்கெனவே 250-இல் இருந்தால் வீட்டில் 257. வழக்கமான மேல்வரம்பு 252. இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) உற்பத்தியைக் குறைக்கும், அல்லது நல்ல வெயிலில் விட்டு விட்டு நிற்கும். ஆளாளுக்கு இன்வெர்ட்டரைத்தான் குறை சொல்வார்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கும் செலவு உங்கள் தலையில் விழலாம். அது யார் செலவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது பிரேக்கர் பெட்டி. 200 ஆம்ப் பஸ்பாரும் (பிரேக்கர்கள் மாட்டும் உலோகப் பட்டை) 200 ஆம்ப் மெயின் பிரேக்கரும் இருந்தால், என்.இ.சி. என்ற அமெரிக்க மின்வேலை விதித்தொகுப்பின் 705.12-படி மெயினும் சோலாரும் சேர்ந்து பஸ்பார் அளவில் 120 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, சோலாருக்கு மிஞ்சுவது 40 ஆம்ப். 7.6 கிலோவாட் இன்வெர்ட்டர் அதில் அடங்கும் (31.7 ஆம்ப், விதி கேட்கும் 1.25 மடங்கு 39.6). 10 கிலோவாட் அடங்காது. 52 ஆம்ப் வேண்டும். மெயினை 175-ஆகக் குறைப்பது, 225 ஆம்ப் பஸ்பார் உள்ள பெட்டி போடுவது, அல்லது மெயினுக்கு முன்னால் இணைப்பு எடுப்பது என்று வழிகள் உண்டு. சோலார் பிரேக்கர் பஸ்பாரில் மெயினுக்கு நேர் எதிர் முனையில் இருக்க வேண்டும். ஆய்வாளர் முதலில் பார்ப்பது இதையும் எச்சரிக்கை ஒட்டிகளையும்தான்.

சங்கத்துக்குப் போகும் இணைப்பு விண்ணப்பத்தோடு ஒற்றைக்கோட்டு வரைபடம் (மின்இணைப்புகளை ஒரே கோட்டில் காட்டும் படம்), மனை வரைபடம், இன்வெர்ட்டர் விவரத்தாள் போக வேண்டும். இன்வெர்ட்டருக்கு யூ.எல். 1741 எஸ்.பி. என்ற கிரிட் இணைப்புப் பாதுகாப்புச் சான்று உள்ளதா என்று பார்த்து வாங்கவும். பழைய இருப்பைத் தள்ளுபடியில் தருபவர்களிடம் கவனம். மீட்டர் அருகே, வெளிப்புறத்தில், பூட்டுப் போடக்கூடிய, பிளேடு திறந்திருப்பது கண்ணுக்குத் தெரியும் டிஸ்கனெக்ட் சுவிட்சைப் பல சங்கங்கள் கேட்கும். வேலிக்குள் நாய் உலவும் இடத்தில் வைத்தால் லைன்மேன் திருப்பி அனுப்பிவிடுவார்.

சங்கத்தின் இயக்க அனுமதிக் கடிதம் வந்து மீட்டர் மாற்றும் வரை சுவிட்சைப் போடாதீர்கள். பழைய மின்னணு மீட்டர்களில் பல திசை பார்க்காது. நீங்கள் அனுப்பியதையும் வாங்கியதாகவே கூட்டி, பில் ஏறும். மீட்டர் மாறிய பிறகு வெயில் நேரத்தில் ஏசியை நிறுத்திவிட்டுத் திரையைப் பாருங்கள்: 'அனுப்பியது' மட்டும் ஏற வேண்டும். கைபேசிச் செயலி அதற்கு நேர்மாறாகக் காட்டினால், சி.டி. கிளாம்ப் (கம்பியைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் வளையம்) திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. மின்தடைக்குப் பின் இன்வெர்ட்டர் 5 நிமிடம் காத்திருந்து சேர்வது பழுது அல்ல, விதி.

புரொப்பேன் ஜெனரேட்டர் இருந்தால், சாதாரண சோலார் இன்வெர்ட்டரின் இணைப்பு டிரான்ஸ்ஃபர் சுவிட்சுக்கு (வீட்டைச் சங்க லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) லைன் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டுப் பக்கத்தில் கொடுத்தால், தடை நேரத்தில் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரையே கிரிட் என்று எண்ணிச் சேர்ந்து, அதற்குள் மின்சாரத்தைத் தள்ளிக் கெடுத்துவிடும். விற்பவரின் வரைபடத்தில் ஜெனரேட்டரே இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்து வரையச் சொல்லுங்கள்.

கட்டணம் அநியாயம் என்று தோன்றினால் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்கு எழுதிப் பயனில்லை. டெக்சாஸில் கூட்டுறவுச் சங்கங்களின் சில்லறைக் கட்டணத்தை அது நிர்ணயிப்பதில்லை. நம்மூர்ப் பால் சங்கம் மாதிரிதான், மீட்டர் உள்ளவர் உறுப்பினர், உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. சோலார் விலையை முடிவு செய்பவர்கள் அந்த ஓட்டில் வந்த இயக்குநர்கள். கூட்டத்துக்குப் போகும்போது மேலே போட்ட கணக்கை உங்கள் பில் எண்களோடு ஒரு தாளில் எடுத்துப் போங்கள்.